குழாய்க்குள் படிந்த ஐஸ்: எக்ஸ்-31 ஏன் விழுந்தது?

கேள்வி இதுதான்: சோதனை விமானத்தை ஓட்டுகிறவர் சாதாரண ஆள் இல்லை, பொறுக்கியெடுத்த விமானி. கீழே கட்டுப்பாட்டு அறையில் ஒரு கூட்டமே திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு விமானம் துணைக்குப் பறக்கிறது. இவ்வளவு இருந்தும் விமானம் ஏன் விழுகிறது? 1995-ல் எக்ஸ்-31 விழுந்ததை வைத்து விளக்க முடியுமா?

முடியும். இதற்கு எக்ஸ்-31-ஐவிட நல்ல உதாரணம் கிடைக்காது. விமானம் விழப்போகிறது என்பதற்கான தகவல் அன்று எல்லாமே இருந்தது. ஆனால் துண்டு துண்டாக, ஆளுக்கொரு கையில் இருந்தது. நான் சொல்லவருவது சுருக்கமாக அவ்வளவுதான். ஆனால் அது புரிய வேண்டுமென்றால் அந்த விமானம் என்ன செய்யப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சாதாரணமாக ஒரு விமானம் மூக்கை ஓரளவுக்கு மேல் தூக்கினால் இறக்கையின் மேல் ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். தூக்குவிசை சரியும். இதைத்தான் ஸ்டால் என்கிறோம். எல்லா விமானியும் முதல் பாடமாக இதைத் தவிர்க்கத்தான் கற்றுக்கொள்கிறார். எக்ஸ்-31 அதற்கு நேர் எதிர். ஸ்டாலுக்கு அப்பால் போயும் விமானத்தைச் சொன்ன பேச்சு கேட்க வைக்க முடியுமா என்று பார்க்கவே அதைக் கட்டினார்கள். அமெரிக்காவின் ராக்வெல் நிறுவனமும் ஜெர்மனியின் எம்பிபி நிறுவனமும் சேர்ந்து இரண்டே இரண்டு விமானங்கள் செய்தன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான தார்ப்பா, அமெரிக்கக் கடற்படை, ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சகம் எல்லாம் பின்னால் இருந்தன. பிறகு நாசாவும் சேர்ந்துகொண்டது. செலவைக் குறைக்க எஃப்/ஏ-18 போர் விமானத்தின் காக்பிட், எஃப்-16 போர் விமானத்தின் சக்கரங்கள் என்று கிடைத்ததையெல்லாம் வாங்கிப் பொருத்தினார்கள். 1990 அக்டோபர் 11-ல் முதல் பறப்பு.

எஞ்சின் புகைபோக்கியைச் சுற்றி மூன்று துடுப்புகள் இருக்கும். கார்பனால் செய்தவை. எஞ்சின் கக்கும் சூடான காற்றுக்குள் இவை நுழைந்து அதைத் திருப்பிவிடும். இறக்கை கைவிட்ட பிறகும் இந்தத் துடுப்புகள் விமானத்தைத் திருப்பும். 1992 நவம்பரில் 70 டிகிரி கோணத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிலையாகப் பறந்து காட்டினார்கள். கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்: விமானம் கிட்டத்தட்ட செங்குத்தாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது, ஆனால் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. 1993 ஏப்ரல் 29-ல், ஸ்டாலைக் கடந்த நிலையில், மிகச் சிறிய வட்டத்துக்குள் 180 டிகிரி அப்படியே திரும்பியது. அந்தத் திருப்பத்துக்கு ஜெர்மன் பொறியாளர் வொல்ஃப்காங் ஹெர்ப்ஸ்டின் பெயர்.

இப்படிப்பட்ட விமானம் விழுந்தது என்றால், 70 டிகிரியில் ஏதோ வித்தை காட்டும்போது விழுந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. 1995 ஜனவரி 19 அன்று திட்டமிட்ட வேலையெல்லாம் முடித்துவிட்டு, கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது விழுந்தது. முதலாம் எண் விமானம் அது. சோதனைத் திட்டத்தில் அதன் கடைசிப் பறப்பும் அதுவே.

சரி, என்ன நடந்தது?

விமானத்தின் வேகத்தை அளப்பது பிட்டாட் குழாய். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாய். வாய் காற்றைப் பார்த்து இருக்கும். எதிர்க்காற்று உள்ளே மோதும் அழுத்தத்திலிருந்து சுற்றியுள்ள காற்றின் சாதாரண அழுத்தத்தைக் கழித்தால் வேகம் கிடைக்கும். தத்துவம் இவ்வளவே. இதில் ஒரு பழைய வியாதி உண்டு: ஈரமான குளிர்க்காற்றில் வாயில் ஐஸ் கட்டிக்கொள்ளும். அதனால் குழாய்க்குள் ஒரு ஹீட்டர் வைப்பார்கள். காக்பிட்டில் ஸ்விட்சைப் போட்டால் குழாய் சூடாகும், ஐஸ் உருகும். பயணிகள் விமானத்திலும் இதுதான் ஏற்பாடு.

எக்ஸ்-31-ல் ஆரம்பத்தில் ஹீட்டர் வைத்த குழாய்தான் இருந்தது. ஆனால் விமானம் மூக்கை இத்தனை டிகிரி தூக்கும்போது காற்று குழாயின் வாய்க்கு நேராக வருவதில்லை. கீழிருந்து சாய்வாக வருகிறது. அளவு தப்பாகக் காட்டும். அதனால் கீல் குழாய் என்ற வேறு வகையை மாட்டினார்கள். இதன் வாயைச் சுற்றி ஒரு உறை இருக்கும். காற்று எந்தச் சாய்வில் வந்தாலும் அந்த உறை அதை நேராக்கி உள்ளே அனுப்பும். இந்த விமானத்தின் வேலைக்கு அருமையான தேர்வு. ஒரே ஒரு விஷயம்: அதில் ஹீட்டர் இல்லை. எட்வர்ட்ஸ் இருப்பது பாலைவனத்தில். வானம் வருடத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும். சோதனைப் பறப்புகளும் தெளிந்த வானத்தில்தான் நடக்கும். அங்கே ஐஸ் எங்கிருந்து வரப்போகிறது?

எனக்கு இந்த முடிவில் பெரிய குறை தெரியவில்லை. சோதனை விமானங்களில் இப்படிச் செய்வது வழக்கம்தான். ‘ஐஸ் கட்டும் காற்றில் பறக்கக் கூடாது’ என்று ஒரு வரம்பு போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். தப்பு அதற்கு அடுத்த படியில் நடந்தது. ஹீட்டர் இணைப்பு இல்லை. ஆனால் காக்பிட்டில் ஸ்விட்ச் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் ‘இது வேலை செய்யாது’ என்று ஒரு துண்டுச் சீட்டுகூட ஒட்டப்படவில்லை. மாற்றத்தைப் பற்றித் தாளில் எழுதினார்கள். அந்தத் தாள் அன்று பறந்த விமானியின் மனதுக்குப் போய்ச் சேரவில்லை.

அன்று பறந்தவர் ஜெர்மன் சோதனை விமானி கார்ல் ஹைன்ஸ் லாங். அன்றைய காற்று அந்த இடத்துக்கு வழக்கமில்லாத ஈரத்தோடும் குளிரோடும் இருந்தது. திரும்பும் வழியில் வேகமானி காட்டிய எண் அவருக்கு இடறியது. விமானம் மூக்கைத் தூக்கியிருக்கும் கோணத்தோடு அந்த வேகம் பொருந்தவில்லை. இதைக் கவனிக்க அனுபவம் வேண்டும், அவருக்கு இருந்தது. ஐஸாக இருக்கலாம் என்று யோசித்து, செய்ய வேண்டியதைச் செய்தார்: பிட்டாட் ஹீட்டர் ஸ்விட்சைப் போட்டார். போட்டதாகக் கீழேயும் சொன்னார்.

அந்த ஸ்விட்சைப் போட்ட கணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விமானியைப் பொறுத்தவரை பிரச்சினை கண்டுபிடிக்கப்பட்டாயிற்று, மருந்தும் கொடுத்தாயிற்று. இனி அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. ஸ்விட்சே இல்லாமல் இருந்திருந்தால் வேறு வழி தேடியிருப்பார். வேலை செய்யாத ஸ்விட்ச், ஸ்விட்ச் இல்லாததைவிட மோசமானது. இல்லாதது சும்மா இருக்கும். இது பொய் சொல்கிறது.

கட்டுப்பாட்டு அறையில் விமானியின் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர்களில் அந்த ஹீட்டர் இணைக்கப்படவில்லை என்று தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் உடனே வாய் திறக்கவில்லை. சோதனை முடிந்துவிட்டது, விமானம் வீட்டுக்கு வருகிறது. கவனம் தளரும் நேரம் அது. சில நிமிடங்கள் கழிந்த பிறகுதான் உள்ளே பேச்சு எழுந்து, இணைப்பு இல்லாமல் இருக்கலாம் என்று விமானிக்குச் சொன்னார்கள். அவர் அதற்குக் கசப்பும் கிண்டலுமாக ஒரு பதில் சொன்னார். அப்புறம் அதிக நேரம் இல்லை.

துணைக்குப் பறந்த விமானத்தைச் சேஸ் விமானம் என்பார்கள். எஃப்/ஏ-18 ஒன்று அன்று அந்த வேலையில் இருந்தது. சோதனை விமானத்தின் கருவியில் சந்தேகம் வந்தால், ‘உன் வேகம் என்ன காட்டுகிறது?’ என்று பக்கத்தில் பறப்பவரிடம் கேட்பதுதான் எளிய வழி. இரண்டும் சேர்ந்து பறக்கின்றன, வேகம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் லாங்குக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடந்த பேச்சு சேஸ் விமானத்துக்குப் போகவில்லை. பக்கத்திலேயே பறந்தவருக்குப் பிரச்சினை இருப்பதே தெரியாது.

இப்போது ஒருவர் கேட்கலாம்: வேகமானி தப்பாகக் காட்டினால் காட்டட்டும், அதற்காக விமானம் ஏன் கட்டுப்பாட்டை இழக்க வேண்டும்? பழைய விமானமாக இருந்தால் இழந்திருக்காது. எக்ஸ்-31 இயல்பிலேயே நிலையற்ற வடிவம் கொண்டது. விட்டால் மூக்கு தானாக எகிறிவிடும். கணினிதான் நொடிக்குப் பலமுறை இறக்கைப் பலகைகளை அசைத்து அதைப் பிடித்து வைத்திருக்கிறது. எவ்வளவு அசைக்க வேண்டும் என்பது வேகத்தைப் பொறுத்தது. காரில் மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங்கை நிறையத் திருப்புவோம். நெடுஞ்சாலையில் 100-ல் போகும்போது விரலால் தொட்டால் போதும். கணினியும் அப்படியே: வேகம் குறைவு என்றால் பலகையை நிறைய அசைக்கும், வேகம் அதிகம் என்றால் கொஞ்சமாக. இந்தப் பெருக்கல் அளவைக் கெயின் என்பார்கள்.

குழாய் அடைத்ததும் கணினிக்குப் போன வேகம் உண்மையைவிட மிகவும் குறைவு. ‘ஓ, மெதுவாகப் போகிறோம்’ என்று கணினி கெயினை ஏற்றியது. விமானமோ உண்மையில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங்கை முழுச் சுற்று சுற்றியதுபோல் ஆயிற்று. மூக்கு கொஞ்சம் மேலே போனால் கணினி கீழே இழுக்கிறது, தேவைக்கு மேல் இழுக்கிறது. கீழே போனதும் மேலே தூக்குகிறது, இன்னும் அதிகமாக. ஆட்டம் வளர்ந்து, மூக்கு எகிறி, விமானம் கைவிட்டுப் போனது. லாங் இருக்கையோடு வெளியே பாய்ந்தார். காயம் பட்டது, உயிர் பிழைத்தார். விமானம் தளத்துக்கு வடக்கே பாலைவனத்தில் விழுந்து நொறுங்கியது.

கவனியுங்கள், கணினி கெட்டுப்போகவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது. ஒன்று பழுதானால் இன்னொன்று என்று விமானத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகள் இருந்தன. ஆனால் அத்தனைக்கும் வேகம் சொல்லும் குழாய் ஒன்றே ஒன்று. நாலு பேரைக் கேட்டு முடிவெடுத்தோம் என்கிறோம்; நாலு பேரும் ஒரே ஆளிடம் கேட்டுவிட்டு வந்தவர்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறைப்பது வேறொன்று. வேகத் தகவல் கெட்டுப்போனால் பயன்படுத்துவதற்கென்றே ஒரு மாற்று நிலை அந்த விமானத்தில் ஏற்கெனவே இருந்தது. அதற்குப் போய்விட்டால் கணினி வேகமானியை நம்பாது, மாறாத ஒரு கெயினை வைத்துப் பறக்கும். விமானி காக்பிட்டிலிருந்தே அதைத் தேர்ந்தெடுக்கலாம். வேகமானி சந்தேகமாகத் தோன்றிய அந்த ஆரம்ப நிமிடத்தில் யாராவது ஒருவர், மேலேயோ கீழேயோ, ‘அந்த நிலைக்கு மாற்று’ என்று சொல்லியிருந்தால் விமானம் ஓடுபாதையில் இறங்கியிருக்கும். கேடு என்ன செய்யும் என்று விமானத்தைக் கட்டியவர்கள் முன்கூட்டியே யோசித்து மருந்தைச் செய்து வைத்திருந்தார்கள். ஆனால் குழாயில் ஐஸ் என்றால் உடனே ஆட்டமாக மாறும் என்ற தொடர்பு அன்று பறப்பில் இருந்த யார் தலையிலும் பளிச்சென்று எரியவில்லை.

ஆகவே, கேள்விக்குத் திரும்பினால்: ‘இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எப்படி?’ என்பதில் ஒரு தப்பான கணக்கு இருக்கிறது. ஆட்கள் கூடினால் கண்கள் கூடும் என்று நினைக்கிறோம். கூடவே ‘அவர் சொல்லியிருப்பார்’ என்ற நினைப்பும் கூடுகிறது. ஹீட்டர் இல்லை என்று தெரிந்தவர், விமானிக்கும் தெரியும் என்று நினைத்தார். விமானி, தப்பாக ஸ்விட்ச் போட்டால் கீழே இருப்பவர்கள் சொல்வார்கள் என்று நினைத்தார். அவரவர் நினைத்தது நியாயமாகத்தான் இருந்தது.

எல்லாச் சோதனை விபத்தும் இப்படித்தான் என்று சொல்லவரவில்லை. உண்மையிலேயே தெரியாததைத் தொட்டு விழுந்தவையும் உண்டு. ஸ்வீடனின் கிரிப்பன் போர் விமானம் நல்ல உதாரணம். 1989 பிப்ரவரி 2-ல் முதல் மாதிரி விமானம், தன் ஆறாவது பறப்பில், லின்ஷொப்பிங்கில் தரையிறங்கும்போது ஆட்டம் கண்டு ஓடுபாதையில் உருண்டது. ஓட்டியவர் லார்ஸ் ரோடெஸ்ட்ரோம். கை எலும்பு முறிந்ததோடு தப்பினார். மென்பொருளைத் திருத்தினார்கள். 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் விழாவில் கூட்டத்துக்கு மேலே சாகசம் காட்டும்போது இன்னொரு கிரிப்பன் விழுந்தது. ஓட்டியவர் அதே ரோடெஸ்ட்ரோம். இம்முறை இருக்கையோடு வெளியே பாய்ந்து தப்பினார். அவ்வளவு கூட்டம் இருந்தும் கீழே யாரும் சாகவில்லை என்பது அதிர்ஷ்டம் மட்டுமே.

அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு தட்டில் தளும்பத் தளும்பத் தண்ணீரோடு நடந்து பாருங்கள். தண்ணீர் இடப்பக்கம் ஓடினால் தட்டை வலப்பக்கம் சாய்ப்போம். நாம் சாய்ப்பதற்குள் தண்ணீர் ஏற்கெனவே திரும்பியிருக்கும். நாம் சரிசெய்யச் சரிசெய்ய அலை பெரிதாகும். சும்மா நின்றால் தானாக அடங்கிவிடும். விமானியின் கையும் விமானத்தின் பதிலும் இப்படித் தாளம் தப்பும்போது ஊசல் வளர்கிறது. இறக்கைப் பலகையை அசைக்கும் இயந்திரத்துக்கு ஒரு வேக வரம்பு உண்டு. விமானி ஸ்டிக்கை அதைவிட வேகமாக ஆட்டினால் பலகை பின்தங்கும், தாளம் மேலும் தப்பும். 1992 ஏப்ரல் 25-ல் எட்வர்ட்ஸில் ஒய்எஃப்-22 என்ற அமெரிக்கப் போர் விமான மாதிரி விழுந்ததும் இந்த வகைதான். தரையை ஒட்டித் தாழப் பறந்து மேலேறும்போது மூக்கு மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது. வயிறு ஓடுபாதையில் மோதி, தீப்பிடித்து, ஆயிரக்கணக்கான அடி தூரம் சறுக்கிப் போய் நின்றது. ஓட்டிய டாம் மார்கன்ஃபெல்ட் உயிரோடு வெளியே வந்தார்.

இதையெல்லாம் ‘விமானி தவறு’ என்று ஒரு வார்த்தையில் எழுதி மூடிவிடுவதை நான் ஏற்பதில்லை. ஒரே இயந்திரம் தேர்ந்த கைகளையே திரும்பத் திரும்பக் குழப்புகிறது என்றால் கோளாறு இயந்திரத்துக்கும் கைக்கும் நடுவில் இருக்கிறது. நல்ல வேளையாக, கிரிப்பனைச் செய்தவர்கள் கடைசியில் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். பலகை பின்தங்கும்போது ஏற்படும் தாமதத்தை ஈடுகட்ட மென்பொருளை மாற்றி எழுதினார்கள்.

சோதனைக்குச் சம்பந்தமே இல்லாமல் விழுந்ததும் உண்டு. எக்ஸ்பி-70 என்ற ராட்சத குண்டுவீச்சு விமானம், ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்துக்குக் கட்டியது. 1966 ஜூன் 8-ல் விளம்பரப் படம் எடுப்பதற்காக ஐந்து விமானங்கள் நெருக்கமாக அணிவகுத்துப் பறந்தபோது, பக்கத்தில் வந்த எஃப்-104 போர் விமானம் அதன் மேல் உரசி மோதியது. எஃப்-104-ல் இருந்த ஜோ வாக்கரும், எக்ஸ்பி-70-ன் துணை விமானி கார்ல் கிராஸும் இறந்தார்கள். வாக்கர் எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தில் விண்வெளி விளிம்பு வரை போய் வந்தவர். போட்டோ எடுக்கப் போய் உயிர் போயிற்று. எக்ஸ்-31 வீடு திரும்பும் வழியில் விழுந்ததையும் இதையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஆபத்தான பகுதி என்று சிவப்பு மையில் குறித்து வைத்த நிமிடங்களில் எல்லோரும் விழிப்பாக இருக்கிறார்கள், மற்ற நிமிடங்கள்தான் எனக்குப் பயமாகத் தெரிகின்றன.

எக்ஸ்-31-ல் மிஞ்சிய இரண்டாம் விமானம் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். விசாரணை முடிந்து, திருத்தங்கள் செய்து, விபத்து நடந்து ஐந்தே மாதத்தில், 1995 ஜூன் மாதம் பாரிஸ் விமானக் கண்காட்சியில் கூட்டத்துக்கு முன்னால் அதைப் பறக்கவிட்டார்கள். கொஞ்சம் துணிச்சல்தான். பிறகு சில வருடம் தூங்கியது. 2001-ல் மறுபடி எழுப்பி, அமெரிக்கக் கடற்படையின் பட்டக்ஸன்ட் ரிவர் தளத்தில் வேறொரு சோதனைக்குப் பயன்படுத்தினார்கள்: மூக்கை 24 டிகிரி தூக்கியபடி, வழக்கத்தைவிட மிகக் குறைந்த வேகத்தில், கணினியே தரையிறக்குவது. 2003-ல் அதைச் செய்து முடித்தார்கள். அந்தச் சுற்றில் இன்னொன்றையும் சோதித்தார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயை மட்டும் நம்பாமல், மூக்கின் நுனித் தோலிலேயே சிறு சிறு துளைகளைப் பதித்து, ஒவ்வொன்றிலும் விழும் அழுத்தத்தை ஒப்பிட்டு வேகத்தையும் கோணத்தையும் கணக்கிடும் ஏற்பாடு அது. அந்த விமானம் இப்போது மியூனிக் நகருக்குப் பக்கத்தில், ஷ்லைஸ்ஹைம் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது.